கடைசியாகச் சாவி இருந்த வீடு எது? – வாசகர் கேள்வி பதில்

வீடற்றவர்கள் பற்றியும், அவர்களிடையே களப்பணிக்குப் போகும் சமூகப்பணி மாணவர்கள் பற்றியும் சேலம், ஏற்காடு வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இந்த இதழில். பதில் தருபவர்கள் களப்பணி வழிகாட்டிகள்.

என் மகள் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) முதலாமாண்டு. வாரத்தில் இரண்டு நாள் களப்பணி என்று பஸ் ஸ்டாண்டு, ரயில்வே ஸ்டேஷன் பக்கம் படுத்திருப்பவர்களிடம் பேசிவிட்டு வருகிறாள். வீட்டுக்கு வந்தால் நாங்கள் சாதாரணமாகச் சொல்லும் சொல்லுக்கெல்லாம் சண்டை. ‘பிச்சைக்காரன்னு சொல்லாதீங்கம்மா’ என்கிறாள். இந்தப் படிப்பு அவளை எங்கே கொண்டுபோய் விடும்? – ஒரு தாய், சூரமங்கலம்

சண்டை இரண்டாம் செமஸ்டருக்குள் அடங்கிவிடும். சொல் மாறியது மாறியதுதான், அது நல்லதும்கூட. ரோட்டோரம் படுப்பவர்களில் கையேந்துபவர்கள் ஒரு பகுதிதான். லீ பஜாரில் மூட்டை இறக்குபவர், ஓட்டலில் பாத்திரம் கழுவுபவர், முகூர்த்த நாளில் கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறுபவர், பழைய இரும்பு பொறுக்குபவர் எல்லோரும் அந்த வரிசையில் உண்டு. கூலி வாங்குகிறவரைப் பிச்சைக்காரர் என்று எழுதினால் அவருக்குத் தேட வேண்டிய உதவியே தப்பாகிவிடும். அவருக்கு வேண்டியது அட்வான்ஸ் கேட்காத ஒரு அறை. நாம் தேடிக்கொண்டு நிற்பது அன்னதானமாக இருக்கும்.

உங்கள் மகளின் களப்பணிக் குறிப்பேட்டை அவள் அனுமதியோடு புரட்டிப் பாருங்கள். முதல் மாதத்தில் பெரும்பாலான மாணவர்கள் எழுதுவது இப்படி இருக்கும்: ‘அழுக்கான உடை. குடித்திருந்தார். ஒத்துழைக்கவில்லை.’ நான்காம் மாதம் அதே ஆளைப் பற்றி: ‘இடது கணுக்காலில் புண். மூன்று நாளாகக் கட்டு மாற்றவில்லை. ஓ.பி. சீட்டு கொடுப்பது காலையில். அந்த நேரத்தில் வரிசையில் நின்றால் அன்றைய லோடு போய்விடும் என்கிறார். இரவில் வலிக்காகக் குடிக்கிறார்.’ முதல் குறிப்பை வைத்துக்கொண்டு யாராலும் ஒரு வேலையும் செய்ய முடியாது. இரண்டாவதில் மறுநாள் காலையே செய்ய ஒரு வேலை இருக்கிறது: லோடு முடிகிற நேரத்தில் எங்கே கட்டு மாற்றலாம் என்று கண்டுபிடிப்பது.

கேட்கும் கேள்வியும் மாறும். ‘ஏன் இப்படி ஆனீங்க?’ என்று கேட்டால் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியது போல எதிராளி சுருங்கிப்போவார், இல்லாவிட்டால் கேட்பவருக்குப் பிடித்த சோகக் கதையாகச் சொல்லிவிடுவார். ‘கடைசியா உங்க கையில சாவி இருந்த வீடு எதுங்க?’ என்று கேட்டால் ஊர், வருஷம், வாடகை, கூட இருந்தவர்கள் எல்லாம் தானாக வரும். அங்கிருந்து முன்னும் பின்னும் போனால் எந்தக் கதவு முதலில் சாத்தியது, எது அடுத்து என்று ஒரு வரிசை கிடைக்கும். விபத்து, வேலை போனது, அட்வான்ஸில் கழிந்த வாடகை, அண்ணன் வீட்டுத் திண்ணை, அண்ணி முகம் சுளித்தது, பஸ் ஸ்டாண்டு. அடையாள அட்டைப் பை பெரும்பாலும் கடைசியில்தான் தொலைகிறது, அதுவும் தூக்கத்தில். இந்த வரிசையைப் பத்துப் பேரிடம் எழுதிப் பார்த்த மாணவி ‘அவன் தலையெழுத்து’ என்று இனிச் சொல்ல மாட்டாள். மூன்றாவது படியில் யாராவது கைகொடுத்திருந்தால் ஐந்தாவது படி வந்திருக்காது என்பது அவளுக்குத் தெரியும்.

ஆய்வேட்டுக்காகச் சேலத்தில் இரவில் வீடற்றவர்களை எண்ணலாம் என்றிருக்கிறேன். எப்படிச் செய்வது? யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது? – மாணவர், அம்மாபேட்டை

முதலில் வரையறையை எழுதிவையுங்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, கட்டடத்தில் வசிக்காமல் சாலையோரம், நடைபாதை, பெரிய சிமெண்ட் குழாய், மேம்பாலத்தடி, படிக்கட்டின் கீழ், கோயில் மண்டபம், ரயில் நிலைய மேடை போன்ற இடங்களில் வாழும் குடும்பங்களை வீடற்றவை என்கிறது. 2011-ல் பிப்ரவரி 28 இரவு எண்ணியதில் நாடு முழுக்கச் சுமார் 17.7 லட்சம் பேர். ஐரோப்பாவில் 2005-ல் உருவான ‘எத்தோஸ்’ என்ற வகைப்பாடு இன்னும் அகலமானது. கூரையே இல்லாதவர், காப்பகத்தில் இருப்பவர், எந்த நேரமும் வெளியேற்றப்படக்கூடிய வீட்டில் இருப்பவர், வசிக்கத் தகாத வீட்டில் இருப்பவர் என நான்கு படி. ஒரு மாணவர் ஒரு செமஸ்டரில் முதல் படியை ஒழுங்காக எண்ணினாலே பெரிய விஷயம்.

இரவு 11 மணிக்கு மேல், விடிகாலை 4-க்குள் முடியுங்கள். அதற்கு முன் கடைசி பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் கலந்துவிடுவார், அதற்குப் பின் மார்க்கெட் வேலைக்காரர் எழுந்துவிடுவார். ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழா நேரம் வேண்டாம், வெளியூர்க் கூட்டம் மண்டபத்திலும் நடைபாதையிலும் படுத்திருக்கும். மழை இரவும் வேண்டாம், கடை ஷட்டர் ஓரத்துக்கும் மாடிப்படிக்கும் ஒதுங்கியவரைக் காண முடியாது. முன்கூட்டியே பகலில் நடந்து வழியைப் பிரித்துக்கொள்ளுங்கள். பழைய பஸ் ஸ்டாண்டு, புதிய பஸ் ஸ்டாண்டு, ஜங்ஷன், டவுன் ஸ்டேஷன், அரசு ஆஸ்பத்திரி, செவ்வாய்ப்பேட்டைக் கடைத்தெரு என்று ஒரு குழுவுக்கு ஒரு தடம். குழுவுக்கு மூன்று பேர், அதில் ஒருவராவது பெண். கல்லூரிக் கடிதத்தின் நகலை அந்தந்தக் காவல் நிலையத்தில் முன்பே கொடுத்துவிடுங்கள். ரயில் நிலையத்துக்கு அனுமதி தனி.

யார் பயணி, யார் அங்கேயே படுப்பவர்? பயணி பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு செருப்பைக் காலடியில் விடுவார். அங்கேயே படுப்பவர் செருப்பைத் தலைக்கடியில் வைப்பார், காணாமல் போகும் என்று தெரியும். விரிப்பு அட்டைப்பெட்டியோ, கிழித்தெடுத்த பிளெக்ஸ் பேனரோ. பிளெக்ஸின் படம் போட்ட பக்கம் தரையைப் பார்த்திருக்கும், வெள்ளைப் பக்கம் மேலே. ஆஸ்பத்திரி வளாகத்தில் நோயாளிக்குத் துணையாக வந்தவரிடம் ஒயர் கூடையும் பிளாஸ்க்கும் இருக்கும். இவை அடையாளம் மட்டும்தான், தீர்ப்பு கிடையாது. பஸ் ஸ்டாண்டில் பாசிமணி விற்கும் நரிக்குறவர் பலருக்கு ஊரில் வீடு உண்டு, கேட்காமல் சேர்த்துவிடாதீர்கள். முகத்தில் டார்ச் அடிக்கக் கூடாது, எழுப்பக் கூடாது, படம் எடுக்கவே கூடாது. பேட்டி தனி வேலை. அது மாலை ஏழு மணிக்கோ விடிகாலை டீக்கடையிலோ.

ஒரே இரவின் எண்ணிக்கை எப்போதும் குறைவாகத்தான் வரும். இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை போங்கள். இரண்டு முறையும் விழித்திருந்து சம்மதித்தவர்களிடம் மட்டும் பெயரின் முதல் எழுத்து, உத்தேச வயது, பிறந்த ஊர் மூன்றையும் சேர்த்து ஒரு குறியீடு எழுதுங்கள். பெயர் வேண்டாம். உதாரணத்துக்கு, முதல் முறை குறியீடு தந்தவர் 80, இரண்டாம் முறை 70, இரண்டிலும் இருப்பவர் 40 என்றால் 80-ஐ 70-ஆல் பெருக்கி 40-ஆல் வகுக்க 140 வரும், மொத்தம் எத்தனை பேர் என்பதற்கு இதுதான் உத்தேசக் கணக்கு. ஆனால் தினமும் ஒரே இடத்தில் படுப்பவர்தான் இரண்டு முறையும் அகப்படுவார். அதனால் இந்த 140-ம் உண்மையைவிடக் குறைவாக இருக்கவே வாய்ப்பு. ஆய்வேட்டில் இதை மறைக்காமல் எழுதுங்கள்.

பெண்கள் கணக்கில் விட்டுப்போவதற்குக் காரணம் வேறு. தனியாக இருக்கும் பெண் பலர் இரவில் படுப்பதே இல்லை. டிக்கெட் கவுண்டர் வெளிச்சத்தில் பயணி போல உட்கார்ந்தே விடியவைத்துவிட்டு, பகலில் கோயில் பிராகாரத்தில் தூங்குகிறார்கள். ‘பெண்கள் குறைவு’ என்று முடிவுரையில் எழுதும் முன் பகல் இரண்டு மணிக்கு ஒரு சுற்று போய் வாருங்கள்.

அரசாங்கம் காப்பகம் கட்டிக் கொடுத்தும் என் கடை வாசலில்தான் வந்து படுக்கிறார்கள். அங்கே போனால் என்னவாம்? – வியாபாரி, செவ்வாய்ப்பேட்டை

எரிச்சல் புரிகிறது. விடிந்தால் வாசலைக் கழுவுவது நீங்கள்தான்.

உச்ச நீதிமன்றம் 2010-ல் உணவு உரிமை வழக்கில் பெருநகரங்களுக்குச் சொன்ன அளவு, லட்சம் மக்களுக்கு ஒரு காப்பகம், நாள் முழுதும் திறந்திருக்க வேண்டும் என்பது. 2013-ல் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கமும் லட்சம் பேருக்கு நூறு பேர் தங்கும் அளவில் இடம், ஆளுக்கு 50 சதுர அடி என்று வகுத்தது. 2011 கணக்குப்படி சேலம் மாநகராட்சியின் மக்கள்தொகை எட்டு லட்சத்துக்கு மேல். அப்படியானால் எத்தனை கட்டில் வேண்டும் என்பது உங்களுக்குக் கல்லாப்பெட்டிக் கணக்கு.

கட்டில் இருந்தாலும் போகாததற்குக் காரணங்கள் உண்டு. நள்ளிரவு இரண்டு மணிக்கு லாரி வந்தால் மூட்டை இறக்கப் போக வேண்டியவரைப் பத்து மணிக்குக் கதவு பூட்டும் இடத்தில் தங்கச் சொன்னால் கூலி போச்சு. ஆண் ஓரிடம், பெண் ஓரிடம் என்றால் கணவன் மனைவி பிரிய வேண்டும். மூட்டைமுடிச்சு வைக்கப் பூட்டுள்ள பெட்டி இல்லையென்றால் தள்ளுவண்டிக்காரர் வர மாட்டார். சிரங்கு பரவினால் பத்து பேர் ஒரே இரவில் வெளியேறுவார்கள். சிரங்குக்கு உள்ளே இருக்கும் எல்லோருக்கும் ஒரே இரவில் கழுத்து முதல் கால் வரை மருந்து பூசி, ஒரு வாரம் கழித்து மறுபடியும் பூசி, போர்வைகளையும் வெந்நீரில் அலசினால்தான் தீரும். ஒருவருக்கு மட்டும் பூசினால் மருந்துதான் வீண்.

குடிப்பவர் விஷயம் தனி எச்சரிக்கை. ‘இன்றே நிறுத்து, இல்லாவிட்டால் வெளியே போ’ என்பது ஆபத்து. பல வருஷமாகத் தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் கை நடுக்கம், வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் பிதற்றல் தொடங்கினால் உயிருக்கே ஆபத்து. நடுக்கமும் வியர்வையும் கண்டாலே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அதைக் குடிவெறி என்று நினைத்து ஓரமாகப் படுக்க வைத்துவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தப்பு.

எங்கள் தெரு முனையில் ஒருவர் கிழிந்த உடையோடு, தானாகப் பேசிக்கொண்டு ஒரு மாதமாக இருக்கிறார். பிள்ளைகள் கல்லெறிகிறார்கள். யாரைக் கூப்பிடுவது? – வாசகி, கிச்சிப்பாளையம்

காவல் நிலையத்தைத்தான். ‘இது எங்க வேலை இல்லைங்க’ என்று சொன்னால், மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 100 என்று எழுதியே கொடுங்கள். மனநோயோடு, தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாமல் தன் எல்லைக்குள் திரிபவரைப் பாதுகாப்பில் எடுப்பது நிலைய அதிகாரியின் கடமை. 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். லாக்கப்பில் வைக்கக் கூடாது. வீடற்றவர் என்றால் காணாமல் போனவர் என்று முதல் தகவல் அறிக்கை பதிந்து குடும்பத்தைத் தேடுவதும் காவல்துறையின் பொறுப்பு. சேலத்துக்கு அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனை இருக்கிறது. என்ன செய்வது என்று நீங்கள் ஆலோசனை கேட்க 14416, ‘டெலி மானஸ்’ என்ற அரசு மனநல உதவி எண்.

கூப்பிடும் முன் இரண்டு மூன்று நாள் கவனித்து எழுதிவையுங்கள்: எத்தனை மணிக்கு எங்கே இருக்கிறார், சாப்பிடுகிறாரா, புண் உண்டா, எந்த மொழியில் பேசுகிறார். மொழிதான் பெரிய துப்பு. ஈரோட்டிலிருந்து சென்னைக்குப் போகிற ரயில்களில் பெரும்பாலானவை சேலம் ஜங்ஷனைத் தொட்டுத்தான் போகின்றன, தெற்கிலிருந்தும் வடக்கிலிருந்தும் வந்து இங்கே இறங்கிவிட்டவர்கள் உண்டு. புலம்பலில் ஊர்ப்பெயர் ஒன்று திரும்பத் திரும்ப வந்தால் கேட்டபடியே எழுதிக்கொள்ளுங்கள், உங்களுக்குப் புரியாவிட்டாலும் பரவாயில்லை.

ஒரு வேண்டுகோள். நான்கு பேர் சேர்ந்து பிடித்து முடிவெட்டி, குளிப்பாட்டி, புதுச் சட்டை போட்டு வீடியோ எடுப்பது சேவை ஆகாது. அவருக்கு அது நாலு பேர் பிடித்து அமுக்கிய அனுபவம், அடுத்த முறை வெள்ளைச் சட்டை கண்டாலே ஓடுவார். பல நாள் பட்டினி கிடந்தவருக்கு ஒரே வேளையில் பிரியாணி வாங்கித் தருவதும் வேண்டாம், ரத்தத்தில் உப்புச் சத்துகளின் அளவு தாறுமாறாகும். கஞ்சி, கொஞ்சம் கொஞ்சமாக, மருத்துவர் பார்க்கும் வரை.

காசு கொடுப்பதா, சாப்பாடு கொடுப்பதா? – வாசகர், நாலு ரோடு

அது உங்கள் மனசு. மாணவர்கள் மட்டும் களப்பணி நேரத்தில் இரண்டும் கொடுக்கக் கூடாது. ஒருவருக்குக் கொடுத்துவிட்டு அடுத்தவரிடம் பேட்டி கேட்டால் பதில் எல்லாம் காசுக்கு ஏற்ற மாதிரிதான் வரும். பக்கத்தில் எந்த அம்மா உணவகம் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று தெரிந்து வைத்திருங்கள். இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து, தயிர் சாதம் மூன்று.

எஸ்டேட் லைன் வீட்டில் நாற்பது வருஷம் இருந்த என் சித்தப்பா ரிட்டையர் ஆகிறார். வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள். ரோட்டில் இல்லாதவரை வீடற்றவர் என்று சொல்ல முடியுமா? – வாசகர், ஏற்காடு

மேலே ‘எத்தோஸ்’ வகைப்பாட்டில் சொன்ன நான்கு படியில் இது மூன்றாவது, எந்த நேரமும் வெளியேற்றப்படக்கூடிய வீடு. படிப்பில் ‘மறைந்த வீடின்மை’ என்பார்கள். சேவராயன் மலைக் காப்பித் தோட்டங்களுக்குப் போகும் மாணவர்கள் இதைப் பார்க்காமல் திரும்பினால் பாதிதான் படித்தார்கள் என்று அர்த்தம்.

1951-ம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் முதற்கொண்டு குடியிருப்பு தருவது நிர்வாகத்தின் கடமை. ஆனால் அது வேலையோடு ஒட்டிய வீடு, வேலை முடிந்தால் உரிமையும் முடிகிறது. வேலையும் வீடும் ஒரே கயிற்றில் கட்டியிருப்பதால் ஒன்று அறுந்தால் இரண்டும் விழும். பிள்ளைகளில் ஒருவரையாவது அதே தோட்டத்தில் பேர் போட வைக்கப் பெற்றோர் துடிப்பதற்குக் காரணமும் இதுதான். கூலிக்காக என்று வெளியே இருந்து பார்ப்பவர் நினைத்துக்கொள்வார்.

செய்ய வேண்டியது: ஓய்வு பெறும் தேதிக்கு ஆறு மாதம் முன்பே பி.எஃப். கணக்கில் பெயர், பிறந்த தேதி, ஆதார் மூன்றும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஒரு எழுத்து மாறினாலும் பணம் நிற்கும். ஐந்தாண்டுக்குக் குறையாமல் தொடர்ந்து உழைத்தவருக்கு ஆண்டுக்குப் பதினைந்து நாள் கூலி வீதம் பணிக்கொடை உண்டு. வாய்மொழி போதாது, விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள். வீட்டுமனைப் பட்டாவுக்கு ஏற்காடு தாசில்தாரிடம் இப்போதே மனு போடுங்கள். லைன் வீட்டு முகவரி ரேஷன் கார்டில் இருக்கும்போதே போடுவது நல்லது. வெளியேறிய பின் எந்த முகவரியை எழுதுவது என்பதிலேயே மாதக்கணக்கில் போய்விடும்.

நான் சந்திக்கும் பெரியவரிடம் ஒரு அட்டையும் இல்லை. எங்கிருந்து தொடங்குவது? – மாணவி, கொண்டலாம்பட்டி

புதிதாக ஆதார் எடுக்க ஓடாதீர்கள். அநேகமாக அவருக்கு முன்பே ஆதார் எடுத்திருப்பார்கள். மறுபடி பதிந்தால் கைரேகை பழைய பதிவோடு இடித்து நிராகரிக்கப்படும். ஆதார் மையத்தில் கைரேகை வைத்துப் பழைய எண்ணைத் தேடச் சொல்லுங்கள். தொலைந்துபோன பலர் ஊர் திரும்பியது இந்த வழியில்தான், பழைய பதிவில் பழைய முகவரி இருக்கும். ஆனால் முகவரி கிடைத்த சந்தோஷத்தில் வீட்டுக்குப் போன் போட்டுவிடாதீர்கள். ‘அங்க சொல்லட்டுங்களாய்யா?’ என்று அவரிடம் கேட்ட பிறகுதான். அடிக்குப் பயந்து வந்தவராக இருக்கலாம். பிள்ளைகள் கைவிட்டார்கள் என்றால் 2007-ம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டப்படி வருவாய் கோட்டாட்சியரிடம் பராமரிப்பு கேட்டு மனு தரலாம். கேட்பதா வேண்டாமா என்பது அவர் முடிவு. பெரும்பாலானோர் வேண்டாம் என்பார்கள், வற்புறுத்தாதீர்கள்.

ஆதாரே இல்லையென்றால் அங்கீகாரம் பெற்ற காப்பகத்தின் பொறுப்பாளர் தரும் சான்று போதும். அதன் பிறகு வங்கிக் கணக்கு, பிறகு முதியோர் உதவித்தொகை. வரிசை மாறினால் அலைச்சல்தான்.

ஓட்டுரிமைக்கு வீடு வேண்டியதில்லை. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவம் 6-ல் அவர் படுக்கும் இடத்தையே முகவரியாக எழுதலாம். வாக்குச்சாவடி அலுவலர் ஒன்றுக்கு மேற்பட்ட இரவுகள் அங்கே போய், அவர் அங்குதான் தூங்குகிறார் என்று உறுதி செய்தால் குடியிருப்புச் சான்று தேவையில்லை என்பது தேர்தல் ஆணையத்தின் விதி. மாணவர் பலருக்கு இது தெரியாது. ‘முகவரி இல்லை’ என்று மனுவைத் திருப்பினால் இந்த விதியைக் காட்டுங்கள்.

மே மாதம் களப்பணி முடிகிறது. ஒரு வருஷமாக என்னை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும் பாட்டியிடம் எப்படிச் சொல்வது? சொல்லாமலே நின்றுவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது. – மாணவர், அஸ்தம்பட்டி

சொல்லாமல் நிற்கக் கூடாது. அந்தப் பாட்டியின் வாழ்க்கையில் சொல்லாமல் போனவர்கள் ஏற்கெனவே நிறையப் பேர், இன்னொருவராக நீங்கள் சேர வேண்டாம். கடைசி நாளுக்கு நான்கு வாரம் முன்பே தேதியோடு சொல்லுங்கள். தேதி ஞாபகம் நிற்காதென்றால் ‘இன்னும் நாலு செவ்வாய்க்கிழமைங்க பாட்டி’ என்று எண்ணிச் சொல்லுங்கள், ஒவ்வொரு வாரமும் ஒன்று குறைத்து. கோபப்படுவார், ஒரு வாரம் முகம் திருப்பிக்கொள்வார். அது எதிர்பார்க்க வேண்டியதுதான். அந்த வாரமும் போய் வழக்கமான நேரம் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.

‘அடிக்கடி வருவேன்’ என்று சொல்லாதீர்கள், உங்கள் செல் நம்பரையும் தராதீர்கள். ஜூனில் வரும் ஜூனியர் இப்போதே தெரிந்தால் கடைசி இரண்டு வாரமும் கூட்டிப்போய்ப் பாட்டியிடம் அறிமுகப்படுத்துங்கள். கோப்பில் நோய், மாத்திரை, மனு எண் இவற்றோடு சின்னச் சின்ன விஷயங்களையும் எழுதிவையுங்கள். பாட்டிக்கு எந்தக் காது கேட்கும், எந்தப் பக்கம் உட்கார வேண்டும், டீயில் சர்க்கரை போடலாமா கூடாதா. புதிதாக வருபவருக்கு முதல் நாளில் உதவுவது கோப்பின் அந்தப் பக்கம்தான்.